போதைப் பழக்கமும் பொதுமருத்துவரும்: இணையவழிப் பயிற்சி பற்றிய ஒரு விளக்கம்

முன்னுரை

மதுவுக்கும் பிற போதைப் பொருள்களுக்கும் ஆட்பட்டோரின் நிலையைக் குறித்து, இந்திய அரசின் சமூக நீதி அமைச்சகம் 2019ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. புது தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்த தேசியப் போதை மீட்புச் சிகிச்சை மையம் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பின் பயனாக எழுந்த அறிக்கை அது. 10 வயது முதல் 75 வயது வரையுள்ள மக்களில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர் என்றும், அவர்களுள் 5.7 கோடிக்கும் மேற்பட்டோர் மதுவினால் தீங்குற்று உதவி தேவைப்படும் நிலையில் உள்ளனர் என்றும் அது கூறுகிறது. எனினும் அவ்வறிக்கையில் நம் சிந்தனையை மிகுதியாகத் தூண்டவேண்டிய செய்தி வேறொன்று. மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவர் வீதமே தாம் ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சை பெற்றதாகக் கூறினர்.

எஞ்சிய 37 பேரும் மருத்துவரையே காணாதவர்கள் என்று எண்ணுதல் தவறு. வயிற்றெரிச்சல், இரத்த அழுத்தம், தூக்கமின்மை, கை நடுக்கம், கீழே விழுந்ததால் உண்டான காயம், ஆறாத புண் ஆகியவற்றிற்காக அவர்களில் பலர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் ஊரிலுள்ள பொதுமருத்துவரிடத்திற்கும் வந்துபோகின்றனர். மருத்துவர் வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை தருகிறார். காயத்திற்குக் கட்டுப் போடுகிறார். குடியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும், "இனிமேல் குடிக்காதே" என்ற ஒரே வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது.

இந்நிலையை மாற்றும் பொருட்டு, தொலைவிலுள்ள பொதுமருத்துவர்களுக்கு இணையத்தின் வழியாகப் பயிற்சி அளிக்கும் முயற்சிகள் கடந்த இருபது ஆண்டுகளில் தோன்றி வளர்ந்துள்ளன. அவை எவ்வாறு எழுந்தன, எதைக் கற்பிக்கின்றன, எந்த அளவிற்குப் பயன் தருகின்றன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குடியால் சிதைந்த குடும்பங்களை நாள்தோறும் சந்திக்கும் திருச்சபைப் பணியாளர்கள் இதனை அறிந்திருப்பது இன்றியமையாதது.

1. பொதுமருத்துவரின் பொறுப்பு

போதைப் பழக்கத்திற்குச் சிகிச்சை அளிப்பது மனநல மருத்துவரின் வேலை என்ற கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆனால் இந்தியாவில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களிலேயே பணிபுரிகின்றனர். 5.7 கோடிப் பேரின் தேவையை இவர்கள் மட்டும் நிறைவேற்றுதல் எக்காலத்தும் இயலாது.

இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. மதுவினால் தீங்குறுவோர் அனைவரும் முற்றிலும் அடிமைப்பட்டவர்கள் அல்லர். மிதமிஞ்சிக் குடிப்பவர், குடும்பத்திலும் தொழிலிலும் சேதத்தைக் காணத் தொடங்கியவர், காலையில் குடிக்காமல் எழ முடியாதவர் எனப் பல படிநிலைகள் உள்ளன. கடைசிப் படியில் நிற்பவருக்கு மருத்துவமனையும் நீண்ட சிகிச்சையும் வேண்டும். முதற்படிகளில் நிற்பவருக்கோ, தக்க வேளையில் தாம் மதிக்கும் ஒருவர் நிதானமாகப் பேசும் சில நிமிடங்களே பெரும்பயன் தரக்கூடும். அவ்வேளையில் அவர் மனநல மருத்துவரை நாடுவதில்லை. பொதுமருத்துவரின் முன்தான் அமர்ந்திருக்கிறார்.

2018ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பொதுமருத்துவ நிலையங்களிலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளிலும் நடைபெற்ற 69 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. இத்தகைய சுருக்கமான உரையாடலைப் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட வாரத்திற்கு ஏறத்தாழ 20 கிராம் சாராயச் சத்துக் குறைவாக உட்கொண்டனர் என்பது அதன் முடிவு. தனி மனிதர் ஒருவரைப் பொறுத்தமட்டில் இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆயினும் செலவு குறைந்ததும் எங்கும் செய்யத்தக்கதுமான ஒரு செயல் பல்லாயிரம் பேரிடத்தில் இவ்வளவு மாற்றத்தை உண்டாக்குமானால், அதனைப் புறக்கணிக்க நியாயமில்லை.

2. மருத்துவர் கேளாதிருப்பதன் காரணங்கள்

அப்படியாயின் மருத்துவர் ஏன் கேட்பதில்லை? நேரமின்மை முதற்காரணமாகக் கூறப்படுகிறது, அது பொய்யன்று. வாயிலில் நூறு பேர் காத்திருக்கையில் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசுதல் எளிதன்று.

இரண்டாவது காரணம் கல்வியின் குறை. நம் நாட்டு இளநிலை மருத்துவப் படிப்பில் மனநல மருத்துவம் நெடுங்காலமாகவே சிறிய இடத்தைத்தான் பெற்றுவந்துள்ளது. அதனைத் தனித் தேர்வுப் பாடமாக்க வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. போதைப் பழக்கம் அச்சிறிய இடத்திலும் ஒரு மூலையையே பெறுகிறது. கல்லீரல் சுருக்க நோயின் இறுதிநிலையை நன்கு கற்ற மாணவர், அந்நோயாளி பத்தாண்டுகளுக்கு முன் வந்தபோது அவரிடம் என்ன கேட்டிருக்கவேண்டும் என்பதைக் கற்காமலே பட்டம் பெறுகிறார்.

மூன்றாவது காரணமே மிக முக்கியமானது. போதைப் பழக்கம் நோயா, குணக்கேடா என்பதில் மருத்துவர் தெளிவில்லாதவராய் இருக்கிறார். எடின்பரோவில் தாமஸ் டிராட்டர் 1788ஆம் ஆண்டிலேயே குடியை நோயாகக் கருதித் தம் மருத்துவப் பட்டத்திற்கான ஆய்வை எழுதினார். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956இல் இதனை நோயென ஏற்றுக்கொண்டது. ஆயினும், "இவன் தானே வருவித்துக்கொண்டது இது, சொன்னாலும் திருந்தமாட்டான்" என்னும் எண்ணம் மருத்துவர் பலரின் உள்ளத்திலிருந்து நீங்கவில்லை. இவ்வெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்வி குற்ற விசாரணையாகிவிடுகிறது. நோயாளி பொய் சொல்கிறார். மருத்துவர் தம் எண்ணம் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்கிறார். இருவரும் அப்பேச்சை மீண்டும் எடுப்பதில்லை.

எனவே பயிற்சி என்பது மருந்துகளின் பெயரையும் அளவையும் சொல்லித் தருவதோடு முடிந்துவிட முடியாது. இவ்வுண்மையை அமெரிக்காவின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது. ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்களுக்கு அடிமைப்பட்டோருக்குத் தரப்படும் புப்ரினார்ஃபின் என்ற மருந்தைப் பொதுமருத்துவரும் எழுதலாம் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு வழிவகுத்தது. அதற்கு மருத்துவர் 8 மணி நேரப் பயிற்சி பெற்றுத் தனி அனுமதி வாங்கவேண்டியிருந்தது. பயிற்சியும் அனுமதியும் பெற்ற மருத்துவர்களுள் பலர் பின்னர் ஒரு நோயாளிக்குக்கூட அம்மருந்தை எழுதவில்லை. எழுதியவர்களும் சட்டம் இடமளித்த எண்ணிக்கையைவிட மிகக் குறைவானவர்களையே ஏற்றனர். சிக்கல் வந்தால் யாரிடம் கேட்பது என்ற அச்சம் அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. அத்தனி அனுமதித் தேவை 2022ஆம் ஆண்டின் இறுதியில் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆயினும் அதனால் மட்டும் தனியே நிற்கும் மருத்துவரின் அச்சம் நீங்கிவிடாது.

3. நியூ மெக்சிகோவில் தோன்றிய முறை

தனியே நிற்கும் மருத்துவருக்குத் துணையளிக்கும் முறை ஒன்று, போதைப் பழக்கத்தோடு நேரடித் தொடர்பில்லாத வேறொரு நோயின் காரணமாகத் தோன்றியது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் பரப்பில் பெரியது. மக்கள் தொகையில் சிறியது. அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் கல்லீரல் நோய் வல்லுநராகப் பணியாற்றிய சஞ்சீவ் அரோரா என்ற இந்திய வமிசாவளி மருத்துவரைக் காண, ஹெபடைடிஸ் சி நோயாளிகள் எட்டு மாதங்கள் காத்திருக்கவேண்டியிருந்தது. நோயாளிகளை நகரத்திற்கு வரவழைப்பதற்குப் பதிலாக, தம்மிடமுள்ள அறிவை ஊர்ப்புற மருத்துவரிடம் கொண்டுசேர்க்க அவர் முற்பட்டார். 2003ஆம் ஆண்டு தொடங்கிய அம்முயற்சி எக்கோ திட்டம் எனப் பெயர் பெற்றது.

இதன் செயல்முறை எளியது. குறிப்பிட்ட நாளில் பல ஊர்களிலுள்ள மருத்துவர்கள் காணொளி வழியாக வல்லுநர் குழுவோடு ஒன்றுகூடுகின்றனர். முதலில் ஒரு பொருளைப் பற்றிச் சிறு விளக்கவுரை நிகழ்கிறது. பின்னர் மருத்துவர் ஒருவர், தம்மிடம் வந்துள்ள நோயாளியின் பெயரையும் அடையாளங்களையும் நீக்கி, அவரது நோய்வரலாற்றை எடுத்துரைக்கிறார். மற்ற ஊர்ப்புற மருத்துவர்கள் முதலில் கேள்வி கேட்கின்றனர், கருத்துரைக்கின்றனர். வல்லுநர்கள் தங்கள் ஆலோசனையைக் கடைசியிலேயே கூறுகின்றனர். நோயாளி என்றும் தம் ஊர் மருத்துவரின் பொறுப்பிலேயே இருக்கிறார். சில வாரங்கள் கழித்து அதே மருத்துவர் அந்நோயாளியின் நிலையை மீண்டும் எடுத்துரைக்கிறார்.

இம்முறையின் பயன் 2011ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வால் நிறுவப்பட்டது. 407 நோயாளிகளைக் கொண்ட அவ்வாய்வில், பல்கலைக்கழக வல்லுநர்களிடம் சிகிச்சை பெற்றோரில் 57.5 விழுக்காட்டினரும், ஊர்ப்புற நிலையங்களிலும் சிறைச்சாலைகளிலும் சிகிச்சை பெற்றோரில் 58.2 விழுக்காட்டினரும் நோய்க்கிருமி நீங்கப்பெற்றனர். வல்லுநரின் துணையோடு பொதுமருத்துவர் அளிக்கும் சிகிச்சை, வல்லுநரின் சிகிச்சைக்குத் தாழ்ந்ததன்று என்பது இதனால் விளங்கிற்று.

ஹெபடைடிஸ் சி நோய் பெரும்பாலும் போதை ஊசி வழியாகப் பரவுவது. நியூ மெக்சிகோ, போதைப்பொருள் மிகையால் நேரும் சாவுகளில் நெடுங்காலம் அந்நாட்டின் முன்னணியில் இருந்த மாநிலங்களுள் ஒன்று. ஆகவே கல்லீரலைப் பற்றித் தொடங்கிய பேச்சு போதைப் பழக்கத்தைத் தொடாமல் இருக்க முடியவில்லை. 2005ஆம் ஆண்டு முதல் போதைப் பழக்கத்திற்கும் மனநோய்க்கும் உரிய தனி எக்கோ கூட்டம் அங்கு நடைபெறலாயிற்று. முன்னர்க் குறிப்பிட்ட புப்ரினார்ஃபின் சிகிச்சையை மேற்கொள்ளும் பொதுமருத்துவர்களுக்கு அக்கூட்டம் துணை நின்றது.

4. இந்தியாவில் இம்முயற்சி

பெங்களூரிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம், அதாவது நிம்ஹான்ஸ், இம்முறையை இந்தியச் சூழலுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டது. பல மாநிலங்களின் தொலைதூர மாவட்டங்களிலுள்ள மருத்துவர்களும் ஆற்றுப்படுத்துநர்களும் போதைப் பழக்கச் சிகிச்சையில் இதன் வழியாகப் பயிற்சி பெற்றுள்ளனர். மருத்துவர்கள் முதலில் சில நாள்கள் பெங்களூர் வந்து நேரில் கற்பதும், பின்னர் ஊர் திரும்பிப் பல மாதங்கள் காணொளிக் கூட்டங்களில் தொடர்ந்து பங்கேற்பதும் அங்குக் கையாளப்பட்ட முறைகளுள் ஒன்று.

பீகார் மாநிலத்தின் அனுபவம் இங்குக் கருதத்தக்கது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அம்மாநிலத்தில் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கடைகள் மூடப்பட்ட நாளிலேயே பழக்கம் நீங்கிவிடுவதில்லை. பல ஆண்டுகள் குடித்தவர்கள் திடீரென மது கிடைக்காதபோது நடுக்கத்தோடும் வலிப்போடும் மனக்குழப்பத்தோடும் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். மாவட்டங்களில் மீட்பு மையங்கள் திறக்கப்பட்டன. ஆனால் அவற்றில் பணியாற்றுவதற்குரிய பயிற்சி பொதுமருத்துவர்களிடம் இல்லை. நிம்ஹான்ஸ் அளித்த பயிற்சி அக்குறையை ஓரளவு நிரப்ப முயன்றது. சட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு வினா. எத்தகைய சட்டம் வந்தாலும், மருத்துவரை ஆயத்தப்படுத்தாமல் அதனை நடைமுறைப்படுத்தினால் துன்புறுவோர் நோயாளிகளே என்பதை மட்டும் இங்குக் குறித்துக்கொள்வோம்.

2018ஆம் ஆண்டு நிம்ஹான்ஸ் தன் இணையக் கல்விக் கழகத்தைத் தொடங்கி, சமுதாய மனநலத்தில் மருத்துவர்களுக்கும் பிற பணியாளர்களுக்கும் பட்டயப் படிப்புகளை அளித்துவருகிறது. நம் திருச்சபைகளோடு நெருங்கிய உறவுடைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 2006ஆம் ஆண்டிலேயே பொதுமருத்துவர்களுக்கான குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பைத் தொலைக்கல்வி முறையில் தொடங்கியது என்பதும் நினைவுகூரத்தக்கது. தேவையின்றி நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பாமல் ஊரிலேயே நலப்படுத்தும் திறனைப் பொதுமருத்துவருக்கு அளிப்பதே அதன் குறிக்கோள். போதைப் பழக்கப் பயிற்சியின் அடிப்படையும் இதுவே.

5. கற்பிக்கப்படுவன யாவை?

(அ) கேட்கும் முறை

முதற்பாடம் கேள்வி கேட்பது. இதற்கென வரையறுக்கப்பட்ட வினாத்தொகுப்புகள் உள்ளன. 1984ஆம் ஆண்டு ஜான் யூயிங் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட கேஜ் வினாக்கள் நான்கே. குடியைக் குறைக்கவேண்டும் என எண்ணியதுண்டா, பிறர் குறைகூறுவது எரிச்சலூட்டுகிறதா, குடித்ததற்காகக் குற்ற உணர்வு கொண்டதுண்டா, காலையில் எழுந்தவுடன் குடிக்கும் தேவை உண்டா என்பனவே அவை. உலக நல நிறுவனம் ஆறு நாடுகளில் ஆராய்ந்து உருவாக்கிய ஆடிட் வினாத்தொகுப்பு பத்துக் கேள்விகளைக் கொண்டது. அதன் மதிப்பெண் 0 முதல் 40 வரை அமையும். 8 அல்லது அதற்கு மேல் பெறுவோரிடம் மருத்துவர் பேசவேண்டும். 20 அல்லது அதற்கு மேல் பெறுவோர் அடிமை நிலையை அடைந்தவராக இருக்கக்கூடும்.

இவ்வினாக்களை எல்லாரிடமும் கேட்கவேண்டும் என்பது பயிற்சியின் முக்கியக் கூறு. சந்தேகத்திற்குரியவரிடம் மட்டும் கேட்டால் கேள்வியே குற்றச்சாட்டாகிறது. இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல அனைவரிடமும் கேட்டால் அதில் இழிவு இல்லை.

(ஆ) பேசும் முறை

வில்லியம் மில்லர் என்னும் உளவியலாளர், மேற்கூறிய நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியராய் இருந்தவர். 1982இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரருகே தங்கியிருந்தபோது, தாம் நோயாளியிடம் பேசும் முறையை இளம் உளவியலாளர்களுக்கு நடித்துக் காட்டினார். இவ்விடத்தில் ஏன் இக்கேள்வி, அவ்விடத்தில் ஏன் அந்த மறுமொழி என்று அவர்கள் இடைமறித்துக் கேட்கக் கேட்க, தம் முறைக்கு அடிப்படையான கொள்கைகளை அவரே தெளிவாக உணர்ந்தார். 1983இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மனத்தை ஊக்குவிக்கும் உரையாடல் என நாம் அழைக்கத்தக்க முறைக்கு வித்திட்டது.

அதன் சாரம் இது. குடிக்கும் மனிதர் தம் உள்ளத்தில் இருவேறு விருப்பங்களை உடையவர். விடவும் விரும்புகிறார், தொடரவும் விரும்புகிறார். மருத்துவர் விடும்படி வற்புறுத்தினால், அவர் தொடர்வதற்கான காரணங்களைப் பேசத் தொடங்குவார். பேசப் பேச அவர் அதிலேயே உறுதிப்படுகிறார். மாறாக, விடுவதற்கான காரணங்களை அவர் வாயாலேயே சொல்லும்படி மருத்துவர் கேட்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக, வயிற்றெரிச்சலுக்காக மூன்றாம் முறை வந்த 45 வயதுத் தொழிலாளி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். "இத்தனை முறை சொல்லியும் குடிக்கிறாயே" என்று மருத்துவர் தொடங்கலாம். அல்லது, "ஐயா, வயிற்றுக்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உங்களோடு சற்றுப் பேசலாமா?" என்று அனுமதி கேட்டுத் தொடங்கலாம். அவர் இசைந்தபின், "குடிப்பதால் உங்களுக்கு என்ன நன்மை? அதில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?" என்று வினவலாம். "உடம்பு வலி தெரியாமல் தூங்குகிறேன், ஆனால் என் மகள் என்னோடு பேசுவதில்லை" என்று அவர் சொல்லக்கூடும். "மகள் பேசாதது உங்களை வருத்துகிறது" என்று மருத்துவர் அவர் கூறியதையே திருப்பிச் சொல்லி, அவர் மேலே பேச இடங்கொடுக்கிறார். பின்னர் வயிற்றின் நிலையை எடுத்துக்கூறி, குறைப்பதற்கோ விடுவதற்கோ உள்ள வழிகளை முன்வைத்து, எதைத் தொடங்க விரும்புகிறார் என்று கேட்கிறார். முடிவு நோயாளியுடையது. மறுமுறை வருவதற்கு நாள் குறிக்கப்படுகிறது.

காணொளிக் கூட்டங்களில் இத்தகைய உரையாடல்கள் நடித்துப் பார்க்கப்படுகின்றன. பாடநூலைப் படித்து இதனைக் கற்க முடியாது. பேசிப் பார்த்து, தவறி, பிறர் திருத்தக் கேட்டுத்தான் கற்க முடியும். தொடர்ந்து கூடும் கூட்டத்திற்கும் ஒருமுறை கேட்கும் விரிவுரைக்கும் உள்ள வேறுபாடு இங்கு விளங்குகிறது.

(இ) நிறுத்தும்போது நேரும் ஆபத்து

நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை தோன்றலாம். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான காலத்தில் சிலருக்குக் கடும் மனக்குழப்பம் உண்டாகி, இல்லாதவற்றைக் கண்டு அஞ்சுவர். நேரம், இடம், மனிதர் தெரியாமற்போவர். டெலிரியம் டிரெமென்ஸ் எனப்படும் இந்நிலை சிகிச்சையின்றி விடப்பட்டால் உயிரைப் போக்கவல்லது. டயசிபாம், லோராசிபாம் போன்ற மருந்துகளை உரிய அளவில் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் இதனைத் தடுக்கலாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னரே தயமின் என்ற வைட்டமினைக் கொடுத்தல் வேண்டும். இல்லையெனில் மூளை நிலையான பாதிப்பை அடையக்கூடும். இவற்றைப் பொதுமருத்துவர் கையாளக் கற்பதும், எவரை மருத்துவமனைக்கு உடனே அனுப்பவேண்டும் என அறிவதும் பயிற்சியின் மூன்றாம் பகுதியாகும்.

6. எல்லைகள்

இம்முறையின் எல்லைகளையும் நேர்மையோடு குறிப்பிடுதல் கடமையாகும். முதலாவது, இணையவழிப் பயிற்சியைப் பற்றிய ஆய்வுகளில் பல, மருத்துவரின் அறிவும் தன்னம்பிக்கையும் உயர்ந்ததையே அளந்துள்ளன. நோயாளியின் வாழ்வில் விளைந்த மாற்றத்தை அளந்தவை குறைவு.

இரண்டாவது, மதுவைப் பொறுத்தவரை பயன் தரும் சுருக்க உரையாடல், பிற போதைப் பொருள்களுக்கு அதே பயனைத் தருவதில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரிலும் சியாட்டில் நகரிலும் பொதுமருத்துவ நிலையங்களில் நடந்து 2014இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், இத்தகைய உரையாடல் போதைப்பொருள் பயன்பாட்டைக் குறைக்கவில்லை. அவர்களுக்கு நீண்டகாலச் சிகிச்சையும், தேவையானபோது மருந்தும் வேண்டும்.

மூன்றாவது, கற்ற மருத்துவரின் கையில் மருந்து இல்லையேல் கல்வி பயனற்றதாகிறது. நம் நாட்டில் புப்ரினார்ஃபின் பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற மையங்கள் வழியாகவே வழங்கப்படுகிறது. மேலும் பயிற்சி பெற்ற மருத்துவர் வேறு பணிக்கு மாற்றப்பட்டால் அந்நிலையம் பழைய நிலைக்கே திரும்புகிறது.

நான்காவது, மருத்துவர் ஒருவரே எல்லாவற்றையும் செய்ய இயலாது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பத்தில் நடந்து 2017இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இதற்குத் துணை செய்கிறது. மருத்துவப் பட்டமில்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் தீங்கு தரும் அளவில் குடிக்கும் ஆண்களோடு சில அமர்வுகள் பேசினர். மூன்று மாதங்களுக்குப் பின், ஆலோசனை பெற்றோரில் 36 விழுக்காட்டினரும் பெறாதோரில் 26 விழுக்காட்டினரும் அந்நிலையிலிருந்து மீண்டிருந்தனர். மருத்துவர் கேட்டு அடையாளம் காண, பயிற்சி பெற்ற வேறொருவர் தொடர்ந்து பேசுவது நம் நாட்டிற்கு ஏற்ற வழி எனலாம்.

7. போதகர்கள் அறியவேண்டியவை

பொதுமருத்துவரைப் போலவே போதகரும் முதலில் அணுகப்படுபவர். குடிப்பவரின் மனைவியும் தாயும் பெரும்பாலும் மருத்துவரிடம் செல்வதற்கு முன் போதகரிடமே வருகின்றனர். எனவே மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் நமக்கும் உரியனவாகின்றன.

முதலாவது, "இன்றோடு விட்டுவிடுகிறேன்" என்று ஒருவர் ஆலயத்திலோ ஜெபக் கூட்டத்திலோ தீர்மானம் செய்யும்போது நாம் மகிழ்கிறோம். அவர் பல்லாண்டு நாள்தோறும் குடித்தவராயின், அன்றிரவே அவர் மருத்துவரைக் காணச்செய்தல் நம் பொறுப்பு. முன்னர் நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, காலையில் கை நடுங்குகிறதா என்று கேட்கவேண்டும். மூன்றாம் நாள் அவர் பிதற்றும்போது அதனைப் பிசாசின் செயலென்று கருதி அறையில் அடைத்துவைத்து உபவாசிக்கச் செய்தல் உயிருக்கே கேடாக முடியும். அது மருத்துவ அவசரநிலை.

இரண்டாவது, மீண்டும் குடித்தவரை நம்பிக்கைத் துரோகியாக நடத்தலாகாது. நீடித்த நோய்களில் நோய் மீள்வது இயல்பு. நீரிழிவு மிகுந்தவரை மருத்துவர் வெளியே அனுப்புவதில்லை, சிகிச்சையை மாற்றியமைக்கிறார்.

மூன்றாவது, நம் கேள்வியின் தன்மையை ஆராய்ந்துகொள்ளவேண்டும். பெதஸ்தா குளத்தருகே நெடுங்காலம் நோயுற்றுக் கிடந்தவனிடம் இயேசு முதலில் அவன் விருப்பத்தையே வினவினார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. நம்மிடம் வருபவரின் விருப்பத்தைக் கேட்காமலே நம் அறிவுரையைத் தொடங்கிவிடுகிறோமா என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

நான்காவது, நம் சேகர எல்லைக்குள் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அறிமுகம் செய்துகொள்ளுதல் நலம். குடிநோய்க்கு அவர் சிகிச்சை அளிக்கிறாரா, இல்லையெனில் யாரிடம் அனுப்புகிறார் என்று கேட்டறியலாம். 2022 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய டெலி மனாஸ் என்ற தொலைபேசி மனநல உதவியின் எண் 14416. அதனை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க எச்செலவும் இல்லை. நம் திருச்சபைகளின் மருத்துவமனைகளை நடத்தும் குழுக்களில் உறுப்பினராயுள்ள ஆயர்கள், தங்கள் மருத்துவர்களுக்கு இப்பயிற்சி பெற வாரத்தில் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கித் தரும்படி கேட்கலாம். இறையியல் கல்லூரிகளும் போதகப் பணிப் பாடத்தில் ஆடிட் வினாத்தொகுப்பையும் மில்லரின் உரையாடல் முறையையும் சேர்த்துக்கொள்ளுதல் தகும்.

முடிவுரை

இணையம் புதிய கருவி. அதனால் பெங்களூர் வல்லுநரும் பீகாரின் சிற்றூர் மருத்துவரும் ஒரே அறையில் அமர்ந்தாற்போலப் பேச முடிகிறது. தனியே அஞ்சி நின்ற மருத்துவருக்கு, "இந்நோயாளியை அடுத்து என்ன செய்வது?" என்று கேட்க ஓர் இடம் கிடைக்கிறது. மருந்தளவு மறந்துபோனால் நூலைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தம் எதிரே அமர்ந்திருப்பவரைக் குற்றவாளியாக அல்லாமல் நோயாளியாகக் காணும் பழக்கம், அவ்வாறு காணும் பிறரோடு மாதக்கணக்கில் உடனிருந்து கற்பதால் வருகிறது. எக்கோ போன்ற முறைகளின் வலிமை இதில்தான் உள்ளது.

38 பேருக்கு ஒருவர் என்ற எண்ணிக்கை மாறவேண்டுமானால், புதிய மருத்துவமனைகள் கட்டி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று காலை வயிற்றெரிச்சலுக்காக வந்து மாத்திரை வாங்கிச்செல்லும் அந்த மனிதரிடம், மதிப்போடு ஒரு கேள்வி கேட்க மருத்துவர் கற்றிருந்தால், தொடக்கம் அங்கேயே உண்டாகும். அக்கேள்வியை மருத்துவர் கேட்டபின் அவர் நம்மிடம் வரும்போது, அதே மதிப்போடு அவரை ஏற்க நாமும் கற்றிருத்தல் வேண்டும்.